தறிச் சத்தமும் காங் குளியலும்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்துத் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் நான்கு விசைத்தறி. காலையில் ஆரம்பித்தால் இரவு ஷிப்ட் முடிகிற வரைக்கும் ஓடும். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் முதல் நாள் ராத்திரி கண்ணை மூட முடியாமல் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் சுவரோரம் பாய் விரித்துப் படுத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவோம். நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா இங்கிட்டும் அங்கிட்டும் அடிக்கிற அடி சுவர் வழியாகத் தரைக்கு வந்து, தரை வழியாக முதுகுக்கு வரும். நடுராத்திரியில் கரண்ட் போய்த் தறி நின்றால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வரும். "தறி நின்னுருச்சு" என்பாள் அம்மா, இருட்டுக்குள்ளிருந்து. பனைமட்டை விசிறியைத் தடவி எடுத்து எங்கள் இருவருக்கும் வீசுவாள். தறி மறுபடி ஓடுகிற வரை அந்தக் கை ஓயாது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. காங் குளியல் என்று ஒன்று மதுரைப் பக்கத்தில் நடக்கிறது, ஆறு தடவை போய் வந்திருக்கிறேன் என்று சொன்னால், "அவ்வளவு சத்தத்துல எப்படி மனசு அமைதியாகும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குளியல் என்கிறார்களே, மாற்றுத்துணி கொண்டுபோக வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தண்ணீர் கிடையாது. பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். ஆள் உயரச் சட்டத்தில் தொங்கும் காங் என்ற பெரிய உலோகத் தட்டுகளை ஒருவர் கோலால் தட்டுவார். ஒரு மணி நேரம் போல அந்த ஒலி நம் மேல் விழுந்து வழிந்துகொண்டே இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

போன வருடம் தை மாதம் அம்மா தவறிப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை வேலையிலேயே நாட்கள் போய்விட்டன. அதற்கப்புறம்தான் தூக்கம் போனது. படுத்தவுடன் வரும், ராத்திரி இரண்டரை மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு வரும், அப்புறம் விடிகிற வரை கண் மூடாது. பழங்காநத்தத்தில் நாங்கள் இருக்கும் தெரு ராத்திரியில் அமைதியாகத்தான் இருக்கும். டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை எனக்கு உதவியது, அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் அவரே அளவைக் குறைத்து நிறுத்தினார். இதைப் படிக்கும் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டுக் காங் கேட்கப் போகலாம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் முதலில் இதைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன இடம் ஒன்று, நான் அவசரப்பட்டுப் போன இடம் வேறு. விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த நிகழ்ச்சிக்குப் பணம் கட்டினேன். அறுபது பேர் இருக்கலாம். மேடையில் இருந்தவர் அரை மணி நேரம் பேசினார். சர்க்கரை குறையும், கட்டி கரையும், பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்றார். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த பெண், வாயும் வயிறுமாக இருப்பவள் என்று பார்த்தாலே தெரியும், அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அவர் காங்கை அடிக்க ஆரம்பித்தார். அடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அது போதாதென்று மைக் வைத்து ஸ்பீக்கரிலும் விட்டார்கள். வெளியே வரும்போது காதுக்குள் கொய்ங்கென்று கேட்டது. மறுநாள் மத்தியானம் வரை நிற்கவில்லை.

காது விஷயத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்காக வகுத்த பாதுகாப்பு அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இருக்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். பெரிய காங்கை முழு வீச்சில் அடித்தால் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அந்த அளவில் பாதுகாப்பாக இருக்க முடிந்த நேரம் கால் மணிதான். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அந்த உச்சிக்கு ஒன்றிரண்டு தடவை தொட்டுவிட்டுத் திரும்புவார், அங்கேயே நிற்க மாட்டார். சத்தம் காதில் குத்துகிறது என்று உங்களுக்குத் தோன்றினால், அது உங்கள் மனத்தடை, பழைய கர்மா கரைகிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எழுந்து வெளியே வந்துவிடுங்கள். தறிக்கூடத்தில் முப்பது வருடம் நின்ற எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்குக் கடைசியில் காதே கேட்கவில்லை. சத்தத்தோடு வளர்ந்த எனக்கு அதன் மேல் பிரியமும் உண்டு, பயமும் உண்டு.

நான்கு மாதம் கழித்துத்தான் அக்கா சொன்ன இடத்துக்குப் போனேன். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டு மாடி. நடத்துபவர் யோகா சொல்லித் தருபவர், எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். ஆளுக்கு 800 ரூபாய். பணத்தை வாங்குவதற்கு முன்னால் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களுக்கு வலிப்பு ஏதும் வந்துருக்கா?"

"இல்லைங்க டீச்சர்."

"நெஞ்சுல பேஸ்மேக்கர், உடம்புல பிளேட்டு? சமீபத்துல ஆபரேஷன்? காதுல இரைச்சல் இருக்கா, மெஷின் வைப்பீங்களா? மனசுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். முந்தைய இடத்தில் காது இரைந்ததையும் சொன்னேன். கதவோரம் பாய் போட்டுத் தருகிறேன், காங்கிலிருந்து தள்ளி, என்றார். அப்புறம் ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல யாரும் தவறியிருக்காங்களா, சமீபத்துல?"

சொன்னேன்.

"அழுகை வந்தா வரட்டும்க்கா, அடக்க வேணாம். முடியலைன்னா ஒரு கையை மட்டும் தூக்குங்க. நான் சத்தத்தைக் குறைச்சுருவேன்."

ஒருவரிடம் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவர் கேட்கிற கேள்விகளே போதும் என்று இப்போது நினைக்கிறேன். சில பேருக்கு ஒலியே வலிப்பைத் தூண்டிவிடும். கருவுற்ற முதல் மாதங்களில் பொதுவாகவே வேண்டாம் என்பார்கள். பெரிய அதிர்ச்சியைத் தாண்டி வந்தவர்கள் சிலருக்கு, கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது வருகிற உரத்த ஒலி பழைய பயத்தைக் கிளப்பிவிடும். இதையெல்லாம் விசாரிக்காமல் வரச் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. தடிமனான பாய் அல்லது மெத்தை விரிப்பு, தலைக்கும் முழங்காலுக்கு அடியிலும் வைக்க இரண்டு தலையணை, ஒரு போர்வை. மதுரை வெயிலில் போர்வை எதற்கு என்று முதல் தடவை நான் கொண்டுபோகவில்லை. அசையாமல் ஒரு மணி நேரம் கிடந்தால் உடம்பின் சூடு இறங்கும். பாதி வழியில் பாதம் சில்லிட்டுப்போய், கவனமெல்லாம் பாதத்துக்கே போய்விட்டது. சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். வயிறு முட்டப் பரோட்டாவைத் தின்றுவிட்டுப் படுத்தால் கஷ்டம், பட்டினியும் கஷ்டம். வளையல், கொலுசைக் கழற்றி வைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

காங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஆட்கள் வருவதற்கு முன்னால் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு தொங்கின. ஒன்று சீனாவில் செய்த வெண்கலத் தட்டு. நடுவிலும் விளிம்பிலும் கருத்து, இடையில் பளபளவென்று வளையம் வளையமாகத் தீட்டிய கோடுகள். இன்னொன்று ஜெர்மனியில் பைஸ்டே என்ற நிறுவனம் செய்தது, என் இரண்டு கையையும் விரித்தால்தான் விளிம்பைத் தொட முடியும். அதன் உலோகம் நம் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் அதே வகை: செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்தது. முகம் முழுக்கச் சுத்தியல் பட்ட குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. டீச்சர் தொட அனுமதித்தார். என் உள்ளங்கையை அதன் மேல் வைத்துவிட்டு "பேசுங்கக்கா" என்றார். என்ன பேச என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்கே தட்டு உள்ளங்கைக்குக் கீழே நடுங்கியது. அடிக்காமலே அது கேட்டுக்கொண்டிருந்தது.

வெண்கலக் காங் செய்வது சாதாரண வேலை இல்லை. செம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளீயம் சேர்த்தால் மணி போல ஒலிக்கும், ஆனால் ஆறிய நிலையில் அடித்தால் ஓடு போல உடைந்துவிடும். அதனால் செஞ்சூட்டில் வைத்தே அடிக்க வேண்டும், ஆறினால் மறுபடி உலையில். வடிவம் வந்ததும் சூட்டோடு சூடாகத் தண்ணீரில் முக்குவார்கள். இரும்பைச் சுட்டுத் தண்ணீரில் முக்கினால் விறைத்துப்போகும். இந்த வெண்கலமோ முறிகிற குணம் குறைந்து உறுதிப்படும். இது நமக்குப் புதிதும் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் இதே மாதிரி வெள்ளீயம் மிகுந்த கலவையில், இதே மாதிரி சூட்டில் அடித்துச் செய்தவை. இதைப் படித்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. காங் என்ற சொல் ஜாவா, மலாய் பக்கத்திலிருந்து வந்தது. பொருளுக்கு உறவுக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்?

பதினோரு பேர் இருந்தோம். தலை காங் பக்கம், கால் சுவர் பக்கம். கண்ணுக்கு மேல் துணி. முதல் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பிறகு திபெத்தியக் கிண்ணம் ஒன்றை மெதுவாகத் தட்டினார். காங் எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. கம்பளி சுற்றிய பெரிய கோலால் நடுவில் தடவுவது போலத் தட்டுவாராம். முதலில் கேட்டது காதுக்கு அல்ல. முதுகுக்குக் கீழே தரை லேசாக அசைந்தது. நான் அப்படியே செல்லூர் வீட்டுச் சுவரோரம் போய்ச் சேர்ந்தேன்.

அப்புறம் ஒலி விரிகிறது. விரிகிறது என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். மணியை அடித்தால் அடித்த நொடியில்தான் சத்தம் அதிகம், பிறகு தேயும். காங் அப்படி இல்லை. கோல் பட்டதும் "ம்ம்" என்று ஒரு கனத்த அடிநாதம். ஒரு நொடி, ஒன்றரை நொடி கழித்து அதற்குள்ளிருந்து வெளிச்சம் போல ஒரு சளசளப்பு எழும்பி அறை முழுக்கப் பரவும். தட்டின் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கும் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்த அதிர்வுகளுக்குக் கைமாறுவதால் இப்படி ஆகிறது என்று இயற்பியல்காரர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அடிக்கும்போது மலர்வதற்கு இடம் விட்டு அடித்தால் ஒரு காங்கிலிருந்து நூறு குரல் வரும். டீச்சர் அந்த இடத்தை விடுவார். ஓட்டலில் அந்த மனிதர் விடவில்லை.

உடம்பில் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி. எனக்குக் கடைவாய்ப் பல்லில் கூச்சம், நெஞ்செலும்பில் குறுகுறுப்பு, உள்ளங்கை கனத்துத் தரையோடு ஒட்டிப்போனது. யாரோ பேசுகிறார்கள், கடல் இரைகிறது, ரயில் போகிறது என்றெல்லாம் தோன்றும். காங்கில் அத்தனை சுருதியும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் காது தனக்குத் தெரிந்ததை அதில் தேடி எடுத்துக்கொள்கிறது. சின்ன வயதில் மீனாட்சியம்மன் கோயில் வடக்கு ஆடி வீதியில் இசைத்தூணில் காதை ஒட்டி வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரே கல்லில் நடுத்தூணைச் சுற்றி 22 சின்னத் தூண்கள். அண்ணன் ஒரு பக்கம் விரலால் சுண்டுவான், எனக்குக் கன்னத்து எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே வரும். அந்த மாதிரி, காதைத் தாண்டி எலும்பு கேட்கிற ஒலி இது.

நடுவில் ஓர் இடத்தில் டீச்சர் வெண்கலத் தட்டின் விளிம்பைச் சின்னக் கோலால் விட்டு விட்டுத் தட்டினார். அது எனக்குச் சேகண்டியாகக் கேட்டது.

அம்மாவைத் தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோன அன்று முன்னால் சங்கும் சேகண்டியும் போயின. பெண்கள் தெருமுனை வரைதான். தண்ணீர்க் குடத்தோடு மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம். தேர் திரும்பியது. ஆட்கள் மறைந்தார்கள். சேகண்டி மட்டும் கேட்டது. டங்... டங்... என்று தள்ளித் தள்ளிப் போனது. பஸ் ஒன்று ஆரன் அடித்தது, அதைத் தாண்டியும் கேட்டது. வீட்டைக் கழுவி விட வேண்டும் என்று யாரோ என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி காது கொடுத்தேன், இல்லை. அதற்கிடையில் எங்கேயோ நின்றுவிட்டது. கடைசி அடியை நான் கேட்கவில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு என்னை எழுப்பிக்கொண்டிருந்தது இதுதான் என்று அந்தப் பாயில் படுத்திருக்கும்போது புரிந்தது. தறி நின்றால் விழித்துக்கொள்ளும்படி பழகிய உடம்பு என்னுடையது.

அழுதேன். கண்ணைக் கட்டிய துணி நனைந்து காதோரம் வரை ஈரம். கையைத் தூக்கவில்லை. டீச்சர் எப்படியோ தெரிந்துகொண்டு விளிம்பை விட்டுவிட்டு மறுபடி நடுவுக்கு வந்தார். அந்த அடிநாதம் என்னைத் தாங்கிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

சாவோடு இந்த உலோக ஒலியைச் சேர்த்தது நாம் மட்டும் இல்லை. 1791-ல் பாரிஸில் மிராபோ என்ற அரசியல் தலைவரின் இறுதி ஊர்வலத்துக்குக் கோசெக் என்ற இசையமைப்பாளர் வாத்தியக் குழுவில் டாம்-டாம் என்ற பெரிய காங்கைச் சேர்த்தார். ஐரோப்பிய வாத்தியக் கோஷ்டிக்குள் காங் நுழைந்ததே அந்த மாதிரி ஒரு துக்கத்தின் வழியாகத்தான். நம் பக்கத்தில் வேறொன்றும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்வதை நேரில் பார்த்திருக்கிறேன். அடி ஏற ஏற, பத்து வருடமாக வாயைத் திறக்காத துக்கத்தை ஒரு பெண் எல்லோர் முன்னாலும் கொட்டித் தீர்ப்பாள். அதைப் பெரியவர்கள் 'பேய் பேசுகிறது' என்றார்கள். பேசியது அவள்தான் என்று நான் நினைக்கிறேன். பேச்சால் திறக்க முடியாத இடத்தை ஒலி திறக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

இப்போது இந்தக் காங் உலகத்தில் சொல்லப்படும் சில கணக்குகளைப் பற்றி. 136.10 ஹெர்ட்ஸ் என்ற எண்ணை அடிக்கடி கேட்பீர்கள். அது பூமியின் சுருதி, ஓம் என்பதன் சுருதி என்பார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் கூஸ்டோ என்பவர் 1978-ல் போட்ட கணக்கு இது. பூமி சூரியனைச் சுற்ற ஆகும் 365 நாள் சொச்சத்தை ஒரு அதிர்வாக வைத்துக்கொண்டு, அதை 32 தடவை இரட்டிப்பாக்கினால், அதாவது 32 ஸ்தாயி மேலே போனால், 136.10 வரும். நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. நம் பாட்டு வாத்தியார்கள் சொல்லும் ஒன்றரைக் கட்டைக்குக் கொஞ்சம் கீழே. அழகான கணக்கு. பைஸ்டே நிறுவனம் இதை வைத்துக் கோள்களின் பெயரில் காங் செய்கிறது. ஆனால் ஒரு எண் அழகாக வந்துவிட்டது என்பதற்காக அது கல்லீரலைக் குணப்படுத்தும் என்று சொல்ல முடியாது. டீச்சரிடமே கேட்டேன். "எனக்கு அந்த சத்தம் பிடிக்கும்க்கா, அதனால வச்சுருக்கேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆராய்ச்சி உண்டா என்றால் கொஞ்சம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 62 பேரை வைத்து, திபெத்தியக் கிண்ணங்களோடு காங்கும் சேர்ந்த ஒலித் தியானத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் மனநிலையை அளந்தார்கள். 2016-ல் வெளிவந்தது. இறுக்கம், கோபம், அயர்ச்சி எல்லாம் குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் சும்மா படுத்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் போனை அணைத்துவிட்டு, யாரும் எதுவும் கேட்காமல் படுத்துக்கிடந்தாலே பாதிச் சுமை இறங்கும் என்று நமக்கே தெரியும். என் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறது? அதற்காகவே கூடப் போகலாம் என்பேன். நோய் தீரும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்றும் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கல்லூரிப் பையன் ஒருவன் இருபதாவது நிமிடத்தில் எழுந்து வெளியே போய்விட்டான். பயமாக இருந்தது என்று பிறகு சொன்னான். டீச்சர் அவனை எதுவும் சொல்லவில்லை, சுக்குத் தண்ணீர் கொடுத்து மாடிப்படியில் உட்கார வைத்திருந்தார். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை குறட்டை. அவர் பக்கம் போகும்போது டீச்சர் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடிவிட்டுப் போனார். தூங்கிவிட்டால் பலன் இல்லையா என்று கேட்கிறார்கள். தூக்கம் வராமல்தானே பாதிப் பேர் போகிறோம்.

முடிகிற விதத்தைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். கடைசியாக ஒரு தடவை, மிக மெதுவாக, நடுவில் தட்டிவிட்டுக் கோலைக் கீழே வைத்துவிடுவார். அது தேயத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் தேய்ந்துகொண்டே இருக்கும். இருக்கிறதா, இல்லையா, இன்னும் இருக்கிறதா என்று பதினோரு பேரும் அதன் பின்னாலேயே போவோம். யாரும் தோளைத் தொட்டுக் கூப்பிட மாட்டார்கள். வீட்டைக் கழுவி விடச் சொல்ல மாட்டார்கள். முதல் தடவை நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கடைசி இழையைப் பிடித்துக்கொண்டே போனேன். எந்த நொடியில் அது ஒலியாக இருப்பதை விட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் முழுவதும் கூடவே போனேன். அதற்கப்புறம் இருந்த அமைதியில் நாகமலைப் பக்கமிருந்து ஒரு மயில் அகவியது.

எழுந்திருக்க அவசரப்படக் கூடாது. விரல்களை அசைத்து, வலது பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி மெல்ல உட்கார வேண்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. அன்றைக்கு நான் ஸ்கூட்டியை எடுக்கவில்லை. கை கால் எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது, வீட்டுக்காரரை வரச் சொன்னேன். நீங்களும் வண்டி ஓட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு சிலருக்கு மறுநாள் வரை அசதியும் எரிச்சலும் இருக்கும். எனக்கு மூன்றாம் தடவை அப்படி இருந்தது, ஒரு நாளில் போய்விட்டது.

அன்று ராத்திரி தூங்கினாயா என்று அக்கா கேட்டார். இரண்டரை மணிக்கு வழக்கம் போல விழிப்பு வந்தது. ஆனால் திரும்பப் படுத்ததும் தூங்கிப்போனேன். அது எட்டு மாதத்தில் முதல் தடவை. இப்போதும் வாரத்தில் ஒரு நாள் அந்த விழிப்பு வருகிறது. வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, தெருவில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தறிக்கூடத்தை இடித்துவிட்டு வீடு கட்டியிருக்கிறார்கள். மதினி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"அந்த சத்தம் கேக்கப் போறேன்னியே, அழுவாங்களாமே அங்க?"

"சில பேரு அழுவாங்க மதினி. சில பேரு தூங்கிருவாங்க."

கழுநீரைக் குண்டானில் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அம்மாவை ஏழு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். காரியத்தன்றுகூட அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"அடுத்த வாட்டி என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

பௌர்ணமிக்கு அடுத்த சனிக்கிழமை. டீச்சரிடம் பேசிவிட்டேன்; மதினிக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, அவளோடும் போனில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவளுக்கு முழங்கால் வலி, நீட்டிப் படுக்க முடியாது. காலுக்கு வைக்க அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணையை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன்.